வேக்குவம் சேம்பருக்குள் சிக்கிய காற்று: எந்த வழியில் வெளியேற்றுவது?

பம்ப் இரண்டு நாளாக ஓடுகிறது. கேஜ் 10⁻⁷ மில்லிபாருக்குப் பக்கத்தில் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. லீக் டிடெக்டரை மாட்டி, ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் ஒவ்வொரு வெல்டையும் சுற்றி ஹீலியம் அடித்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் காட்டவில்லை. அப்படியென்றால் காற்று வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே எங்கோ ஒளிந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இதைத்தான் விர்ச்சுவல் லீக் என்கிறார்கள். தமிழில் போலிக் கசிவு எனலாம்.

ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அடிமூடிய மரைத்துளை. பட்டறையில் பிளைண்ட் ஹோல் என்பார்கள். ட்ரில் போட்டு, டேப் அடித்து (அதாவது மரை வெட்டி), அதில் போல்ட்டை இறுக்கினால், போல்ட் நுனிக்கும் துளையின் அடிக்கும் இடையே ஒரு சிறு அறை மிஞ்சும். அந்த அறையிலுள்ள காற்றுக்கு மரைகளின் இடுக்கு வழியாகச் சுற்றிச் சுற்றி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு என்ன செய்வது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். நடுவில் துளையுள்ள ஸ்க்ரூ வாங்குவதா, பாகத்தைக் கழற்றிப் பக்கத்துளை போடுவதா, இருக்கிற போல்ட்டையே அரத்தால் ராவிவிடுவதா, வேறொன்றும் செய்யாமல் பேக் செய்து, அதாவது சேம்பரைச் சூடாக்கி, காத்திருப்பதா? எல்லாமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் செலவு வெவ்வேறு இடத்தில் வந்து நிற்கும்.

## முதலில், இது போலிக் கசிவுதானா?

இதை உறுதி செய்யாமல் ஸ்க்ரூ வாங்கக் கிளம்ப வேண்டாம். மூன்று சோதனைகள் போதும்.

பம்ப் வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதை நேரத்துக்கு எதிராகக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான கசிவு நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும். சுவர்களில் ஒட்டிய ஈரம்தான் காரணம் என்றால் கோடு வளைந்து படுத்துவிடும். போலிக் கசிவு இங்கே ஏமாற்றும். ஒரு மணி நேரம் பார்த்தால் அதுவும் நேர்கோடாகவே தெரியும். அதே சோதனையை நாளைக்கும் நாளை மறுநாளும் செய்யுங்கள். உண்மைக் கசிவின் சாய்வு மாறாது, சிக்கிய காற்றின் சாய்வு நாளுக்கு நாள் குறையும்.

ஆர்.ஜி.ஏ. (உள்ளே மிஞ்சிய வாயுக்களை மூலக்கூறு நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) இருந்தால் 18 என்ற இடத்தில் தண்ணீரும், 28, 32, 40 ஆகிய இடங்களில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கானும் தெரியும். 28-ம் 32-ம் காற்றிலுள்ள விகிதத்தில் நின்றால் உடனே கசிவு என்று சொல்லிவிடுகிறார்கள். துளைக்குள் சிக்கியிருப்பதும் அதே காற்றுதானே! ஆர்.ஜி.ஏ.யால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்கும் தந்திரம் ஆர்கானில் இருக்கிறது. சேம்பரைக் காற்றுக்குப் பதிலாக ஆர்கானால் நிரப்பி ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் பம்ப் செய்து ஆர்.ஜி.ஏ.யைப் பாருங்கள். வெளியிலிருந்து கசிவு என்றால் பழையபடி நைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். இடுக்கில் ஒளிந்த வாயு என்றால் இப்போது அங்கே போய் உட்கார்ந்திருப்பது ஆர்கான். ஆகவே 40-லும், இரட்டை மின்னேற்றம் பெற்ற ஆர்கான் தெரியும் 20-லும் கோடு தூக்கிக்கொண்டு நிற்கும், மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். காற்றில் ஆர்கான் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஹீலியம் பற்றி ஒரு எச்சரிக்கை. விட்டான் என்ற ரப்பர் வகையில் செய்த ஓ-ரிங் உள்ள சேம்பரில் நிறைய ஹீலியம் அடித்தால், சில நிமிடங்கள் கழித்து டிடெக்டர் மெதுவாக ஏறும். அது கசிவு இல்லை. ரப்பருக்குள் ஊறி வந்த ஹீலியம். ஓட்டை என்றால் அடித்த சில நொடிகளில் பளிச்சென்று ஏறும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் உங்களுக்கு எந்த அழுத்தம் வேண்டும் என்பது. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஆறு மில்லிமீட்டர் போல்ட். அதற்கான துளை 5 மி.மீ. விட்டம். போல்ட் நுனிக்குக் கீழே 5 மி.மீ. மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். சிக்கும் இடம் சுமார் 0.1 கன செ.மீ. அதில் சாதாரணக் காற்றழுத்தத்தில் இருக்கும் வாயு 0.1 மில்லிபார்-லிட்டர் (அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி வாயுவின் அளவைச் சொல்வது). உங்கள் பம்ப் சேம்பரில் நொடிக்கு 100 லிட்டர் இழுக்கிறது என்றும் கொள்வோம்.

இப்போது அந்தத் துளையிலிருந்து நொடிக்கு 10⁻⁴ மில்லிபார்-லிட்டர் வெளியேறினால் அது அழுத்தத்தை 10⁻⁶ மில்லிபாரில் பிடித்து நிறுத்தும். ஆனால் இருக்கிற சரக்கு 0.1 தான். சுமார் 17 நிமிடத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 10⁻⁶ வீதம் கசிந்தால் அழுத்தம் 10⁻⁸-ல் நிற்கும், தீர ஒரு நாளுக்கு மேல் ஆகும். 10⁻⁷ வீதம் என்றால் 10⁻⁹-ல் நிற்கும், தீர பன்னிரண்டு நாள் ஆகலாம்.

வேகமாகக் கசிவது சீக்கிரம் தீரும், மெதுவாகக் கசிவது நாள்கணக்கில் இழுக்கும் ஆனால் சன்னமாக இருக்கும் என்பதே இதன் சாரம். 10⁻⁶ போதும் என்கிற ஆளுக்கு ஒற்றை போல்ட் ஒரு பிரச்சினையே இல்லை. 10⁻⁹ வேண்டும் என்பவருக்கு அதே போல்ட் இரண்டு வாரத் தலைவலி.

ஆனால் 10⁻⁶ காரர்களும் நிம்மதியாகிவிட வேண்டாம். உள்ளே 40 போல்ட் இருந்து, ஒவ்வொன்றும் 2.5 × 10⁻⁶ வீதம் கசிந்தால், கூட்டினால் அதே 10⁻⁴ வரும். இந்த முறை 17 நிமிடத்தில் தீராது, பதினொரு மணி நேரம் நீளும். கோட்டிங் சேம்பர்களில் அலமாரி, ஷட்டர், கேடயத் தகடு என்று போல்ட் எண்ணிக்கை இதைச் சுலபமாகத் தாண்டும்.

இரண்டாவது, சேம்பரை எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பது. திறக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை துளையும் மறுபடி நிரம்பும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து, லோட்-லாக் எனும் சிறு முன்னறை வழியாகவே மாதிரிகளை ஏற்றுகிறவருக்குப் பத்து நாள் காத்திருப்பது பெரிதில்லை. ஒரு நாளில் மூன்று லோடு ஓட்டும் கோட்டிங் யூனிட்டுக்கு அரை மணி நேரமும் பணம்.

மூன்றாவது, சுத்தம். மேலே சொன்ன கணக்கு காற்றுக்கு. அதே துளையில் காற்றுக்குப் பதிலாக 0.1 மில்லி தண்ணீர் தங்கிவிட்டால்? ஆவியானால் அது அறை வெப்பநிலையில் 130 மில்லிபார்-லிட்டருக்கு மேல் வரும். காற்றைப் போல ஆயிரத்து முந்நூறு மடங்கு! ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்றாலும் முந்நூறு மடங்கு. அல்ட்ராசோனிக்கில் போட்டு எடுத்த பாகத்தை, மேலே ஈரம் தெரியவில்லை என்று அப்படியே பூட்டுகிறார்கள். ஒரு டிஷ்யூவைத் திரியாக உருட்டித் துளைக்குள் விட்டுப் பாருங்கள். நுனி நனைந்து வரும். பல இடங்களில் “லீக்” என்று வாரக்கணக்கில் தேடப்படுவது இந்த நாலு சொட்டைத்தான்.

நான்காவது, அந்தப் பாகத்தை இன்னும் மெஷினில் ஏற்ற முடியுமா என்பது. வரைபடத்தில் இருக்கிறதா, பூட்டி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

ஐந்தாவதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் முதலாவது: அடுத்த முறை சேம்பரைத் திறந்து மூடப்போவது யார்? நீங்களேவா, புதிதாக வந்த மாணவரா, ஷிஃப்ட் மாறி வரும் டெக்னீஷியனா?

கவனித்திருப்பீர்கள், வழியின் அகலத்தை நான் அளவுகோலாகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. 1 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உள்ள ஒரு துளை, அந்த 0.1 கன செ.மீ. அறையை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் காலி செய்யத் தொடங்கிவிடும். துளையை 0.1 மி.மீ. ஆகச் சுருக்கினாலும் கால் நிமிடம்தான். அதாவது ஏதோ ஒரு வழி இருந்தால் போதும், எவ்வளவு பெரிய வழி என்பது பொருட்டே இல்லை. “எங்கள் ஸ்க்ரூவில் துளை பெரியது” என்று கேட்டலாகில் பார்த்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

## ஊடுதுளை

துளையை அடியில் மூடாமல் மறுபக்கம் வரை போட்டுவிடுவது. மறுபக்கமும் வேக்குவத்துக்குள்ளேயே இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. சாதாரண போல்ட் போதும். சுத்தம் செய்யும்போது திரவம் வழிந்தோடிவிடும். டேப் அடித்த சீவல் அடியில் தங்காது. யார் எந்த போல்ட்டை மாட்டினாலும் தப்பு நடக்காது. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பல சமயம் பிளைண்ட் ஹோலைவிடப் பட்டறைக்கே இது சுலபம்.

ஒரே நிபந்தனை: வரைபடத்தில் இருக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். சேம்பர் சுவரில் இது நடக்காது. சுவரின் மறுபக்கம் வெளியுலகம், அங்கே ஊடுதுளை போட்டால் போலிக் கசிவை நிஜக் கசிவாக்கிக்கொண்டது போலாகும். சுவரில் ஏதாவது மாட்டியே ஆகவேண்டும் என்றால், சுவரில் ஒரு பட்டையை வெல்டு செய்து, அந்தப் பட்டையில் ஊடுதுளை போடுங்கள். அந்த வெல்டு முழுச்சுற்றாக வேண்டாம், இடைவெளி விட்டு டாக் அடித்தாலே போதும். முழுச்சுற்றும் அடைத்தால் பட்டைக்குப் பின்னால் புதிதாக ஒரு ரகசிய அறை உண்டாகிவிடும்.

## பக்கத்துளை

பிளைண்ட் ஹோலின் அடிப்பகுதிக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு துளை. 1 முதல் 2 மி.மீ. போதும். அடியில் சிக்கும் காற்று அந்த வழியே நேராக வெளியேறிவிடும். இதிலும் சாதாரண போல்ட்தான், ஆள் மாறினாலும் பிரச்சினை இல்லை. திரவமும் பெருமளவு வடியும்.

மறைமுகச் செலவு பட்டறையில் இருக்கிறது. சன்னமான ட்ரில் பிட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆழமாகப் போகும்போது உடையும். உடைந்த துண்டு உள்ளே மாட்டினால் பாகமே போச்சு. இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தில் பிசிறு நிற்கும். மரைக்குள் நிற்கும் அந்தப் பிசிறு போல்ட்டைக் கடிக்கும். ஆகவே பக்கத்துளையை முதலில் போட்டு, அப்புறம் டேப் அடிக்கச் சொல்லுங்கள். டேப்பே பிசிறைச் சீவிவிடும். மரை இருக்கும் இடத்தில் சந்திக்காமல், மரைக்குக் கீழே உள்ள வெற்றுப் பகுதியில் சந்திக்கும்படி வரைந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் சேம்பரில் இதைச் செய்ய நினைப்பது வீண். உள்ளே ட்ரில் போட்டால் பறக்கும் தூளையும் எண்ணெயையும் சுத்தம் செய்வதற்குள் போலிக் கசிவே தேவலாம் என்றாகிவிடும்.

## நடுவில் துளையுள்ள ஸ்க்ரூ

வென்டட் ஸ்க்ரூ என்று விற்பது. தலையிலிருந்து நுனி வரை அச்சில் ஒரு துளை ஓடும். பாகத்தைத் தொடவே வேண்டாம், பழைய போல்ட்டைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் எல்லோரும் முதலில் இதையே தேடுகிறார்கள்.

விலை சாதாரண போல்ட்டைப் போலப் பல மடங்கு. அது தெரிந்த செலவு. தெரியாத செலவுகள் மூன்று.

ஒன்று, வலிமை. ஆறு மி.மீ. போல்ட்டின் தாங்கும் பரப்பு சுமார் 20 சதுர மி.மீ. அதில் 1 மி.மீ. துளை போட்டால் 4 சதவீதம் குறையும், கவலையில்லை. மூன்று மி.மீ. ஸ்க்ரூவின் பரப்பு 5 சதுர மி.மீ. மட்டுமே. அதே துளை அங்கே 16 சதவீதத்தைத் தின்றுவிடும். சின்ன ஸ்க்ரூக்களை வழக்கம்போல் முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

இரண்டு, இந்தத் துளை பாதி பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. போல்ட் மேல்தகட்டைக் கடந்து போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு மி.மீ. போல்ட்டுக்கு மேல்தகட்டில் 6.6 மி.மீ. துளை போடுவது வழக்கம். தகடு 10 மி.மீ. தடிமன் என்றால், போல்ட்டைச் சுற்றி வளையம்போல் சுமார் 0.06 கன செ.மீ. இடம் இருக்கும். மேலே போல்ட் தலை மூடியிருக்கும், கீழே இரண்டு தகடுகளும் ஒட்டியிருக்கும். நடுத்துளை அடியிலுள்ள அறையைத்தான் திறக்கிறது, இந்த வளையத்தை அல்ல. துளைபோட்ட ஸ்க்ரூ எல்லாம் மாற்றியும் அழுத்தம் இறங்கவில்லை என்று புலம்புவோரில் பலர் இங்கே மாட்டிக்கொண்டவர்கள். வெட்டுள்ள வாஷர் ஒன்றைத் தலைக்கடியில் போட்டால் தீர்ந்தது. வாஷர் கிடைக்காவிட்டால் போல்ட் தலையின் அடிப்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டாலும் சரி.

மூன்று, நினைவு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு ஸ்க்ரூவும் ஒரே மாதிரி இருக்கும். ஆலன் சாவி போகும் குழியின் அடியில் ஒரு புள்ளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம். ஒரு ஸ்க்ரூ உருண்டு மேசைக்கடியில் போய்விட்டால், டப்பாவில் கிடக்கும் சாதாரண ஸ்க்ரூ ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். அடுத்த தடவை அழுத்தம் இறங்காதபோது “அதெல்லாம் வென்டட்தான் போட்டிருக்கோம்” என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். வெள்ளி முலாம் பூசியதாக வாங்கினால் நிறத்தை வைத்தே அடையாளம் தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கழற்ற வராமல் போவதையும் அந்த முலாம் தடுக்கும். இரண்டு காரணத்துக்காகவும் முலாம் பூசியதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணில்லை.

பட்டறையில் நீங்களே துளை போடுவதாக இருந்தால், அந்த நீண்ட சன்னத் துளைக்குள் வெட்டெண்ணெய் தங்கும் என்பதை மறக்க வேண்டாம். மாட்டும் முன் ஒவ்வொன்றின் வழியாகவும் கரைப்பானை ஊசியால் பீச்சிவிட்டு, உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும்.

## அரத்தால் ராவிய போல்ட்

சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும், ஆனால் எனக்குப் பிடித்த அவசர வழி இதுதான். போல்ட்டின் ஒரு பக்கத்தில், தலைக்கடியிலிருந்து நுனி வரை மரையின் ஆழம் வரைக்கும் ராவி ஒரு தட்டையான பட்டை எடுப்பது. அல்லது முக்கோண அரத்தால் ஒரு பள்ளக்கோடு. வழியின் அகலம் பொருட்டில்லை என்று மேலே பார்த்தோமே, இது தாராளம்.

செய்யும் விதம்: போல்ட்டில் முதலில் ஒரு நட்டைத் தலை வரை ஏற்றிக்கொள்ளுங்கள். தலையை வைஸில் பிடித்து, நட்டுக்குக் கீழே உள்ள நீளத்தை ராவுங்கள். முடிந்ததும் நட்டைச் சுழற்றி வெளியே எடுங்கள். வரும் வழியில் அது மரையில் நிற்கும் பிசிறையெல்லாம் நேர்செய்துகொண்டே வரும். மேலே மிச்சமுள்ள துண்டையும் ராவிவிட்டு, அதே நட்டை இன்னொரு முறை முழுநீளத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். தடையில்லாமல் ஓடினால் போல்ட் தயார். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். இரும்புத்தூள் ஒட்டியபடி மாட்டினால், உள்ளே துகள் பொறுக்காத வேலை செய்பவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

இதன் பலவீனமும் தலைக்கடியில்தான். பட்டை அடியறையையும் வளையத்தையும் இணைக்கிறது, ஆனால் வளையத்திலிருந்து வெளியே போக வழி வேண்டாமா? இரண்டு சிறைகளுக்கு நடுவில் கதவு திறந்துவிட்டு வெளிவாசலைப் பூட்டிய கதை. கோட்டைத் தலையின் அடிப்பக்கத்துக்கும் நீட்டுங்கள், அல்லது வெட்டுள்ள வாஷர் போடுங்கள். அப்படிச் செய்துவிட்டால் ஒரே கோட்டில் இரண்டு அறையும் திறந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் விலை கொடுத்து வாங்கிய ஸ்க்ரூவைவிட இது ஒரு படி மேல்.

பாரம் தாங்கும் போல்ட், அடிக்கடி கழற்றி மாட்டும் போல்ட், அலுமினிய மரையில் போகும் போல்ட் ஆகியவற்றில் வேண்டாம். ராவிய விளிம்பு மென்மையான மரையை உழுதுவிடும்.

## பேக் செய்து காத்திருப்பது

சேம்பரைச் சூடாக்குவதை எல்லா நோய்க்கும் மருந்தாக நினைப்பவர்கள் உண்டு. சுவரில் ஒட்டிய ஈரத்துக்கு அது உண்மையிலேயே மருந்து. துளையில் தங்கிய திரவத்துக்கும் மிகவும் உதவும். ஆனால் இடுக்கில் சிக்கிய காற்றுக்கு அதனால் பெரிய பலனில்லை. இடுக்கு வழியே வாயு போகும் வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். 20 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்குப் போனால் சுமார் 20 சதவீதம்தான் லாபம். பன்னிரண்டு நாள் பத்து நாளாகும்.

விட்டான் ஓ-ரிங் இருந்தால் 150 டிகிரியைத் தாண்டத் தயங்குவார்கள். செம்பு கேஸ்கெட் போட்ட கான்ஃப்ளாட் வகை ஃபிளாஞ்ச் என்றால் 450 வரை போகலாம், ஆனால் உள்ளே இருக்கும் மற்ற பொருள்களும் தாங்க வேண்டும். ஹீட்டர் டேப், அலுமினியத் தாள், மின்சாரம், ஆள் காவல் என்று ஒவ்வொரு பேக்குக்கும் செலவு உண்டு. திறக்கும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப வரும்.

ஆனாலும் இது சரியான தேர்வாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அழுத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது, சேம்பரை இந்த வருடம் மறுபடி திறக்கப்போவதில்லை, வேலையைத் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றால், பேசாமல் விட்டுவிடுங்கள். திறந்து சரிசெய்கிறேன் என்று போனால் பழைய நிலைக்கு வரவே அந்த ஒரு வாரம் போய்விடும்.

திறக்கும்போது அறைக்காற்றை விடாமல் உலர்ந்த நைட்ரஜனை விட்டு நிரப்பும் பழக்கம் எந்த வழிக்கும் துணை. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்பது சென்னையிலோ தூத்துக்குடியிலோ சாதாரண நாள். அந்தக் காற்றில் நீராவி மட்டும் 34 மில்லிபார் இருக்கிறது. அதைச் சேம்பருக்குள் விட்டால் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஊடுதுளை | பக்கத்துளை | துளையுள்ள ஸ்க்ரூ | ராவிய போல்ட் | பேக், காத்திருப்பு |
|---|---|---|---|---|---|
| உடனடிச் செலவு | மிகக் குறைவு | பட்டறைக் கூலி | அதிகம் | ஓர் அரமும் அரைமணியும் | மின்சாரம், நேரம் |
| ஓடும் சேம்பரில் முடியுமா | பெரும்பாலும் முடியாது | வேண்டாம் | முடியும் | முடியும் | முடியும் |
| தலைக்கடி வளையம் | தனியாகப் பார்க்க வேண்டும் | தனியாகப் பார்க்க வேண்டும் | தனியாகப் பார்க்க வேண்டும் | கோட்டை நீட்டினால் தீரும் | தீராது |
| கழுவிய திரவம் | வடிந்துவிடும் | பெரும்பாலும் வடியும் | தங்கலாம் | தங்கலாம் | சூட்டில் போகும் |
| ஆள் மாறினால் | கவலையில்லை | கவலையில்லை | கலந்துவிடும் | கலந்துவிடும் | ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும் |
| மறைந்த செலவு | முன்யோசனை | உடையும் ட்ரில் பிட், பிசிறு | சின்ன அளவில் வலிமைக் குறைவு | துகள், மரைச் சேதம் | இழந்த நாள்கள் |

ஊடுதுளை, பக்கத்துளை இரண்டிலும் வளையத்துக்கு அடியிலிருந்து மரை வழியாக ஒரு மெல்லிய வழி இருக்கும். 10⁻⁷ வரைக்கும் அதுவே பெரும்பாலும் போதும். அதற்குக் கீழே போகிறவர்கள் வெட்டு வாஷர் போட்டுக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

புதிதாக வரைபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: முடிந்த இடமெல்லாம் ஊடுதுளை, முடியாத இடத்தில் பக்கத்துளை. துளையுள்ள ஸ்க்ரூவை நம்பி பிளைண்ட் ஹோல் வரைவது, தப்பைத் திருத்தாமல் அபராதம் கட்டிக்கொண்டே போகும் வேலை.

வாங்கிய சேம்பர், உள்ளே பத்துப் பன்னிரண்டு போல்ட், 10⁻⁹ வேண்டும், திறப்பது அபூர்வம், திறப்பதும் நீங்களே என்றால் துளையுள்ள ஸ்க்ரூவும் வெட்டு வாஷரும். ஸ்க்ரூக்களைத் தனி டப்பாவில் எண்ணி வையுங்கள்.

பலர் கை படும் கல்லூரி ஆய்வகச் சேம்பர் என்றால் ஸ்க்ரூவில் பணம் போடாதீர்கள். ஆறு மாதத்தில் பாதி காணாமல் போகும். ஒருமுறை பாகங்களைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிப் பக்கத்துளை போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் மூன்று லோடு ஓடும் கோட்டிங் யூனிட்டுக்கு 10⁻⁵ போதும் என்றால், போல்ட்டைத் தொடும் முன் கழுவும் முறையைப் பாருங்கள். உலர்த்தும் அடுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்தாலே பல சமயம் சரியாகிவிடுகிறது.

நாளைக்குப் பரிசோதனை, இன்றைக்குத்தான் குற்றவாளி போல்ட்டைக் கண்டுபிடித்தீர்கள் என்றால், அரம்.

எந்தச் சூழலிலும் செய்யக்கூடாத ஒன்று உண்டு. “கசிகிறதே” என்று உள்பக்க மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதோ, பசை பூசுவதோ வேண்டாம். அடைப்பு நூறு சதவீதம் இருக்காது. வழி இன்னும் குறுகி, ஒரு நாளில் தீர வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும்.

## வெல்டிலும் இதே கதை

போல்ட்டைச் சரிசெய்தும் தீராதவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது வெல்டு. குழாயைத் தகட்டில் பொருத்தும்போது உள்பக்கமும் வெளிப்பக்கமும் முழுச்சுற்றாக வெல்டு அடித்துவிடுகிறார்கள். பலம் கூடும் என்ற நல்ல எண்ணம்தான். இரண்டு வெல்டுக்கும் நடுவில் ஒரு வளைய அறை நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. உள்வெல்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அந்த அறை போலிக் கசிவாகும். இதில் கூடுதல் சிக்கல், வெளியிலிருந்து ஹீலியம் அடித்தாலும் வெளிவெல்டு தடுத்துவிடும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தாலும் உள்ளே போய் அடைக்கவும் கஷ்டம்.

வேக்குவம் பக்கம் முழுச்சுற்று, வெளிப்பக்கம் பலத்துக்கு மட்டும் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். வெல்டருக்கு இது புதிதாக இருக்கலாம். பிரஷர் வேலை செய்து பழகியவர்கள் வெளிப்பக்கத்தை முழுதாக அடித்துத்தான் பழக்கம். ஆகவே வாயால் சொல்வதோடு வரைபடத்திலும் குறித்துக் கொடுங்கள்.

ஏற்கெனவே இரண்டு பக்கமும் அடித்த சேம்பர் கைக்கு வந்துவிட்டால், வெளிவெல்டில் ஒரு சின்னத் துளை போடுங்கள், உள்வெல்டைத் தொடாமல். அடைபட்ட அறை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடும். உள்வெல்டு நன்றாக இருந்தால் அழுத்தம் மாறாது, அறையைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். உள்வெல்டு கெட்டிருந்தால் அழுத்தம் ஏறும். பயப்பட வேண்டாம், இப்போது அது தேடினால் கிடைக்கிற நிஜக் கசிவு. அந்தத் துளை வழியாக ஹீலியத்தை விட்டால் டிடெக்டர் உடனே சொல்லிவிடும், எந்த வெல்டை வெட்டித் திரும்ப அடிப்பது என்றும் தெரிந்துவிடும்.